சல்லடையில் விழாத சத்தம்

லோகுவின் விரல்களை மிதித்தவன் பூட்ஸ் போட்டிருந்தானா, சாதாரணச் செருப்பா என்பதைப் பற்றித்தான் அந்த வாரம் முழுக்க 'காது' ரசிகர் குழுவில் சண்டை. விரல்கள் என்ன ஆயின என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

நடந்தது அம்பத்தூர் எஸ்டேட்டில், மூடிக்கிடந்த ஒரு கம்பெனி ஷெட்டுக்குள், ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில். ராத்திரிக் கச்சேரிகளைப் போலீஸ் தடை செய்த பிறகு எல்லாமே மத்தியானத்துக்கு மாறிவிட்டன. சினிமாப் பாட்டு கிடையாது, பாடகர் கிடையாது, வார்த்தையே கிடையாது. முழுக்க மெஷினில் செய்த இசை. நாலைந்து சிநேகிதர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பெயரை வைத்துக்கொண்டு அதை வெளியிடுவார்கள். அதற்கு லேபிள் என்று பெயர். விளம்பரம் இருக்காது. தேடிப் பிடித்துத்தான் கேட்க வேண்டும். அப்படித் தேடிப் பிடித்துக் கேட்கிறவர்களின் கர்வம் இருக்கிறதே, அதை அளக்க இன்னும் கருவி வரவில்லை.

மற்றதை அளக்க வந்துவிட்டது. அதன் பெயர் சல்லடை. உலகத்தில் இதுவரை எவனாவது எங்கேயாவது பதிவேற்றிய அத்தனை சத்தமும் அதன் வயிற்றுக்குள் கிடக்கிறது. ஒரு பாட்டைக் கொடுத்தால் போதும், இது எங்கே சுட்டது, இதற்கு முன்னோர் யார் என்று பிரித்துக் காட்டிவிட்டு, மிச்சம் எத்தனை விழுக்காடு அசல் என்று எண் போடும். வழக்குப் போடும் வக்கீல்களுக்காக யாரோ செய்தார்கள். ரசிகர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது அது இல்லாமல் கச்சேரியே கிடையாது. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் அந்த எண் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு மேடையில் ஏறிய லோகுவின் எண் அறுபதில் ஆரம்பித்து நாற்பதுக்கு வந்து, பிறகு மடமடவென்று இருபதுக்குக் கீழே விழுந்தது. கூட்டம் திரையைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் மேடை ஓரத்து உயரமான ஸ்டூல் பக்கம் திரும்பியது. அங்கே உட்கார்ந்திருந்தவள் டெல்பின்.

அவள் 'முதல் காது'. இது அந்தக் கூட்டத்தின் வழக்கம். எந்த லேபிளாக இருந்தாலும் புதுப் பாட்டை முதலில் ஒருவருக்குத்தான் அனுப்ப வேண்டும். அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் கேட்டுத் தீர்ப்பு எழுதுவார். கச்சேரியில் ஸ்டூலில் உட்காருவதும் சல்லடையின் வயரைக் கையில் வைத்திருப்பதும் அவர்தான். பாட்டு பிடிக்கவில்லையென்றால் வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம். ஹெட்போனைக் கழற்றி ஸ்டூலில் மாட்டினால் போதும், மிச்சத்தைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும்.

டெல்பின் கழற்றி மாட்டினாள்.

லோகுவைத் தலைமுடியைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். அவனுடைய மிக்சர் மெஷினையே தூக்கி அவன் முதுகில் போட்டார்கள். "பட்டன் தட்டுற விரலு எதுடா?" என்று ஒருவன் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டு கையையும் மிதித்தான். "அது எங்க பெரியம்மா வீட்டு கிரைண்டருடா, நானே போய் ரெக்கார்டு பண்ணேன்டா" என்று லோகு கத்திக்கொண்டே இருந்தான். பாவம், பொய் சொல்லவில்லை. ஆனால் வேறு எவன் வீட்டுக் கிரைண்டரோ அவனுக்கு முன்னாலேயே சல்லடைக்குள் போயிருந்தது. எந்த வீட்டுக் கிரைண்டராய் இருந்தாலும் அரைக்கிற சத்தம் ஒன்றுதானே.

வெளியே வந்து நிழலில் நின்றபோது இம்தியாஸ், "கொஞ்சம் ஓவராப் போச்சோ?" என்று கேட்டான். குழுவை நடத்துகிறவன் அவன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான்.

"அய்யோ பாவம்னு பாத்தா பாட்டு செத்துடும் இம்தி," என்றாள் டெல்பின். சொல்லும்போது அவளுக்கு உண்மையிலேயே நெஞ்சு நிமிர்ந்தது. புரசைவாக்கத்தில் காது மெஷின் விற்கும் கடையில் நாள் முழுக்கக் கிழவர்களுக்கு 'பீப்' சத்தம் போட்டுக் காட்டி, கேட்கிறதா கேட்கிறதா என்று கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள். ஸ்டூலில் ஏறினால்தான் அவள் பேச்சுக்கு ஆயிரம் பேர் அடங்கினார்கள். அந்தப் பெருமையை விட யாருக்குத்தான் மனசு வரும்?

அடுத்த வாரம் 'கந்தகம்' லேபிளிலிருந்து பாட்டு வந்தது.

கந்தகம் என்றால் அப்போது எல்லாருக்கும் ஒரு கிறக்கம். நடத்தியவன் அத்வைத். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன், குரலை உயர்த்தியே பேசமாட்டான், ஒரு பேட்டிகூடக் கொடுக்கமாட்டான். பேட்டி கொடுக்காததாலேயே அவனைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். காசிமேட்டில் ஒரு பழைய ஐஸ் பேக்டரியை வாங்கி, அங்கேதான் ஸ்டுடியோவும் கச்சேரியும். டெல்பினுக்கு அந்த லேபிள்மேல் தனிப் பிரியம். அவள் தம்பி சகாயத்தை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவள்தான். சகாயம் ஸ்பீக்கர் கட்டுகிறவன். பெங்களூர், கோவா என்று கந்தகத்தின் பெட்டிகளோடு சுற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கொஞ்ச நாளாய் போனை எடுக்கவில்லை, மெசேஜ் மட்டும் வந்தது. 'வேலை ஜாஸ்தி அக்கா.'

"மெசேஜு அனுப்பத் தெரிஞ்ச கைக்கு அம்மாவோட பேசத் தெரியாதா?" என்று ராயபுரத்து வீட்டில் அம்மா ஆரோக்கியமேரி தினமும் புலம்பினாள். "நீதான் சேத்துவுட்ட. நீயே இன்னான்னு கேளு."

"சின்னப் பையனாம்மா அவன்? பேசுவான் விடு," என்று சொல்லிவிட்டு டெல்பின் கண்ணைக் கட்டிக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள்.

பாட்டின் பெயர் 'தாது'. ஆரம்பத்தில் ஒன்றுமில்லை, வெறும் இரைச்சல். பிறகு அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. மெதுவாக, பாறை நகர்கிற மாதிரி மேலே வந்தது. பாதி தூரம் வந்து நின்றது. எதையோ யோசித்தது. பிறகு வேறு இடத்திலிருந்து கீழே இறங்கியது. டெல்பினுக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது. ஏனென்று தெரியாமல் அழுதாள். எந்த மெஷின், எந்த மாடல் என்று இரண்டு நொடியில் சொல்லிவிடுகிறவளுக்கு இது எதிலிருந்து வந்தது என்று கடைசிவரை பிடிபடவில்லை. கண்கட்டை அவிழ்த்துச் சல்லடையில் போட்டாள். நூறு என்று வந்தது. மறுபடி போட்டாள், மறுபடியும் நூறு. இதுவரை எந்தப் பாட்டும் வாங்காத எண்.

அவள் எழுதிய தீர்ப்பு அன்றைக்கே ஊரைச் சுற்றியது: 'இது எந்தத் தொண்டையிலும் பிறக்கவில்லை, எந்தக் கருவியிலும் பிறக்கவில்லை. உலகத்துக்குப் புதிதாக ஒரு சத்தம் வந்திருக்கிறது. காது உள்ளவன் கேட்கட்டும்.'

அதன் பிறகு கேட்க வேண்டுமா? 'தாது' எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் செத்துப்போய்விடுவோம் என்கிற மாதிரி ஆகிவிட்டது குழு. போர்வெல் குழாய்க்குள் ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டிருக்கிறான் என்றது ஒரு கோஷ்டி. எல்லாம் கணக்கு, புதிய சூத்திரம் என்றது இன்னொன்று. மூன்றாவது கோஷ்டி, சத்தமாவது மண்ணாவது, அத்வைத் காசு கொடுத்து ஏற்றிவிட்ட வெறும் பரபரப்பு, ஹைப் என்றது. சனிக்கிழமை காலை இம்தியாஸ் கடை மாடியில் மூன்று கோஷ்டியும் நேருக்கு நேர் உட்கார்ந்தன. பேச்சு முற்றி, ஹைப் என்று சொன்னவனின் மண்டையில் சோடா பாட்டில் உடைந்தது. அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "அடிச்சா மட்டும் ஒரிஜினல் ஆயிடுமாடா?" என்றான். நியாயமான கேள்விதான். அதற்கும் ஒரு அறை விழுந்தது.

"நிறுத்துங்கடா," என்றான் இம்தியாஸ். "நான் கண்டுபுடிச்சிட்டேன். இது ரயில் பிரேக்கு. அதை இழுத்து, ரொம்ப மெதுவா ஓட்டியிருக்கான். இப்போ நான் வேகத்த ஏத்தறேன், பாரு."

ஏற்றினான். பாறை நகர்கிற சத்தம் மாடு கத்துகிற சத்தமானது. இன்னும் ஏற்றினான். மாடு நாயானது. சிலர் சிரித்தார்கள். இன்னும் ஒரு தரம் ஏற்றினான்.

மேலே போய், பாதியில் விக்கி நின்று, பிறகு தாழ்ந்த குரலில் மறுபடி ஆரம்பிக்கிற ஓர் அழுகை.

இந்த உலகத்தில் அப்படி இரண்டு துண்டாக அழுகிறவன் ஒரே ஒருவன்தான். பிறந்ததிலிருந்து சகாயம் அப்படித்தான் அழுவான். கபடியில் தோள்பட்டை இறங்கி அவனைப் புத்தூர் கட்டுப் போடுகிற இடத்துக்குக் கூட்டிப்போனபோது, வைத்தியர் கையைத் தூக்கி ஒரே இழுப்பாக இழுத்தார். சித்தி மகன் அதைப் போனில் எடுத்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த வீடியோவைப் போட்டுக் குடும்பமே வயிறு வலிக்கச் சிரிக்கும். சகாயமும் சேர்ந்து சிரிப்பான். குடும்பக் குழுவைத் தாண்டி அது எங்கேயும் போனதில்லை. அதனால்தான் சல்லடைக்குத் தெரியவில்லை.

"ரயில் பிரேக்கு மாதிரியே இல்லையே," என்று யாரோ சொன்னார்கள். "ரெசனேட்டர்னு ஏதாவது எதிரொலிப் பெட்டி போட்டிருப்பான்."

டெல்பின் எழுந்து மாடிப்படி இறங்கினாள். தெருவில் நின்று போனில் அந்த வீடியோவைப் போட்டு ஒரு காதில் வைத்தாள். இன்னொரு காதில் மேலேயிருந்து வந்த சத்தம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தன. நூறு போட்டவள் நான், அழுதுகொண்டே போட்டவள் நான் என்று சொல்லிக்கொண்டே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

ஸ்டேஷனில் ஏட்டையா முழுசாகக் கேட்டார். "பெரிய பையன், வேலைக்குப் போயிருக்கான், மெசேஜு வருதுன்னு நீயே சொல்ற. ஏதோ பாட்டை வேகமா ஓட்டினா அவன் அழற மாதிரி இருக்குதுங்கற. இத நான் எழுதி மேல அனுப்பினா என்னை என்னான்னு நினைப்பாங்க? போய்ட்டு திங்கக்கெழமை வாம்மா," என்றார். ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பேக்டரியில் 'தாது' கச்சேரி.

அவள் நேராகக் காசிமேட்டுக்குப் போனாள்.

அத்வைத் அவளைப் பார்த்ததும் ஒளிக்கக்கூட முயற்சி செய்யவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? வேகத்தை ஏத்தினீங்களா?" என்று கேட்டான், பரீட்சை வினாத்தாள் பற்றிக் கேட்கிற மாதிரி.

"என் தம்பி எங்க?"

"உள்ளதான் இருக்கார். உயிரோட இருக்கார். உட்காருங்க டெல்பின், உங்களுக்குப் புரியும். வேற யாருக்கும் புரியலைன்னாலும் உங்களுக்குப் புரியணும்." அவன் பின்னால் இரும்புக் கதவு ஒன்று இருந்தது. ஐஸ் கட்டிகளை அடுக்கி வைக்கிற காலத்துக் கதவு, ஒரு முழம் கனம். "நான் எட்டு வருஷம் உண்மையா உழைச்சேன். என்ன செஞ்சாலும் சல்லடை எவனோ ஒருத்தனைக் காட்டும். மழைச் சத்தம் எடுத்தா எல்லா மழையும் ஏற்கெனவே உள்ள இருக்கு. நானே சொந்தமா மெஷின் செஞ்சேன், அதுவும் அறுபதைத் தாண்டலை. லோகுவை என்ன பண்ணாங்கன்னு பார்த்தீங்கல்ல? நீங்க ஹெட்போனைக் கழட்டினீங்கல்ல?"

அவள் அந்த இரும்புக் கதவைப் பார்த்தாள்.

"மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு மனுஷனும் வலிக்கும்போது அவன் மட்டும் போடற சத்தம். அது அவன் அப்பனுக்குக்கூட கிடையாது. முதல்ல நடிகர்களை வெச்சுப் பார்த்தேன். நடிச்சு அலர்றது எல்லாம் சினிமாலேர்ந்து வந்தது, சல்லடை துப்பிடுது. உண்மையா இருந்தா மட்டும்தான் நூறு. அதுவும் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். ரெண்டாவது தடவை அலறினா அது முதல் தடவையோட காப்பி. அதனால உங்க தம்பியை இனிமே நான் தொடமாட்டேன். எனக்கு அவரால உபயோகமில்லை."

"எத்தினி பேரை வெச்சிருக்க?"

அவன் சிரித்தான். "அடுத்த பாட்டு வேணாமா உங்களுக்கு?"

பக்கத்தில் கிடந்த மைக் ஸ்டாண்டை எடுத்து அவள் அவன் முகத்தில் வீசினாள். கன்னம் கிழிந்து பல் தெரிந்தது. இரண்டு ஆட்கள் ஓடிவந்து அவளைத் தரையில் சாய்த்து, கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி மேலே தூக்கினார்கள். தோள் இறங்குகிற இடம்வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடித்த இடத்தில் ரத்தம் வாய்க்குள் வந்தது. ஒரு சத்தம்கூட விடவில்லை.

"விடுங்கடா," என்றான் அத்வைத், கன்னத்தை அழுத்திக்கொண்டு. "மைக் இல்லாத இடத்துல வீணாக்காதீங்க." பிறகு அவளிடம் குனிந்தான். "நாளைக்கு ஸ்டூல்ல நீங்க உட்காரணும். நீங்க இல்லன்னா கூட்டம் சந்தேகப்படும். ஹெட்போனை மட்டும் கழட்டாதீங்க. முடிஞ்சதும் தம்பியைக் கூட்டிட்டுப் போங்க."

அவள் நம்பவில்லை. பேசத் தெரிந்த சாட்சியை எவன் வெளியே விடுவான்? ஆனால் அவள் வேறொன்றை நம்பினாள். ஆயிரம் பேர் வருவார்கள், தனக்குத் தெரிந்த முகங்கள், பாட்டுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள். லோகுவின் கிரைண்டருக்கே மேடையை உடைத்தவர்கள், ஒரு மனுஷனை வதைத்து எடுத்த சத்தம் என்று தெரிந்தால் அந்தக் கதவைப் பெயர்த்து எறியமாட்டார்களா? பைத்தியக்காரி, அப்படித்தான் நினைத்தாள். அந்தக் கூட்டத்தோடு பழகினவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "நாளைக்கு சகாயத்தைக் கூட்டிட்டு வரேன்," என்று மட்டும் சொன்னாள். அம்மா அவள் உதட்டைப் பார்த்தாள். உப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பேக்டரிக்குள் மூச்சுவிட இடமில்லை. அத்வைத் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு மேடையில் நின்றான். டெல்பின் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். திரையில் நூறு. 'தாது' ஆரம்பித்து, அந்தச் சத்தம் கீழேயிருந்து கிளம்பியபோது ஆயிரம் பேர் கண்ணை மூடினார்கள். இம்தியாஸ் முன்வரிசையில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். அவர்கள் மெய்மறந்து நின்றது என்னவோ நிஜம்.

டெல்பின் சல்லடையின் வயரைத் தன் போனில் சொருகினாள். புத்தூர் கட்டு வீடியோவை மூலமாகக் கொடுத்தாள்.

நூறு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தொண்ணூறு, எழுபது, முப்பது. கடைசியில் நான்கு. சல்லடையின் வழக்கப்படி எண்ணுக்குக் கீழே மூலம் திரையில் விரிந்தது. சகாயத்தின் முகம், வாய் பிளந்து, கண் செருகி, வைத்தியரின் முழங்காலில் சாய்ந்து. பாட்டு நின்றது. அந்த அழுகை மட்டும் ஹால் முழுக்க, மேலே போய், விக்கி, மறுபடி.

அவள் மைக்கைப் பிடுங்கினாள். "இது என் தம்பி. நீங்க கேட்டது பாட்டில்ல, இவன வதைச்சு எடுத்த சத்தம். அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் இருக்கான். ஒடைங்க. எல்லாரும் வாங்க, ஒடைங்க."

ஆயிரம் பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் யாரோ மெதுவாகக் கேட்டான், "அப்போ இது ஏற்கெனவே வந்ததா?"

"நாலு," என்றான் இன்னொருவன். "வெறும் நாலு."

"சுட்டுட்டான்டா."

அவ்வளவுதான். மேடை காணாமல் போனது. அத்வைத்தைத் தூக்கி ஸ்பீக்கர் பெட்டிமேல் அடித்தார்கள், பெட்டியைத் தூக்கி அவன்மேல் அடித்தார்கள். பிளாஸ்திரி போட்ட கன்னத்துக்குள் ஒருவன் விரலை விட்டுக் கிழித்தான். இம்தியாஸ் மூக்கில் சளி ஒழுக அழுதுகொண்டே, "நூறுன்னு நம்பினேனேடா, நூறுன்னு நம்பினேனே," என்று வயரால் அவன் கழுத்தை இறுக்கினான். அத்வைத் சாகும்போது ஒரு சத்தம் போட்டான். அது புதுசா பழசா என்று பார்க்க அந்தக் கூச்சலில் முடியவில்லை.

"கதவு," என்று டெல்பின் கத்தினாள். "இம்தி, கதவுடா." அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரும்புக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆயிரம் பேர் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

காவலுக்கு நின்ற ஆட்கள் ஓடிப்போயிருந்தார்கள். சுவரில் பழைய காலத்து ஐஸ் கொக்கி ஒன்று தொங்கியது. அதைப் பூட்டில் மாட்டி, வலிக்கிற தோளோடு அவள் தொங்கினாள். பூட்டு மூன்றாவது இழுப்பிலோ நாலாவதிலோ வந்தது. உள்ளே கூரை முழுக்க மைக். தரையில் சகாயம். வலது கை முழங்கைக்குக் கீழே இருக்க வேண்டிய வடிவத்தில் இல்லை. இன்னொரு மூலையில் ஒரு பெண் சுருண்டு கிடந்தாள், அவள் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. சகாயம் அக்காவைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தான். இடது கை விரலை உதட்டில் வைத்தான்.

"அக்கா, சத்தம் போடாத," என்று கிசுகிசுத்தான். "மைக்கு ஆன்ல இருக்குது."

பெரியாஸ்பத்திரியில் சகாயத்தின் கையை முழங்கையோடு எடுத்தார்கள். அந்தப் பெண், பேசின் பிரிட்ஜ் பக்கம் பூ விற்கிறவளாம், பிழைத்துக்கொண்டாள். அத்வைத் கூட்ட நெரிசலில் இறந்தான் என்று பேப்பரில் வந்தது. குழுவில் அடுத்த விவாதம் ஆரம்பித்துவிட்டது. உண்மையான கலைஞன் அந்தப் புத்தூர் வைத்தியர்தான், இழுத்தவர் அவர்தானே என்றது ஒரு கோஷ்டி. இம்தியாஸ் ஆரஞ்சும் ஆப்பிளுமாக வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, "டெல்பி, அந்த வீடியோ முழு நீளம் இருக்குதா?" என்று கேட்டான். ஆரஞ்சுப் பையோடு அவனை வெளியே தள்ளினாள்.

ஆனால் ஓடிப்போன காவல் ஆட்கள் மூலம் செய்முறை வெளியே போய்விட்டது. உண்மையான வலி, ஓர் ஆளுக்கு ஒரு தடவை, நூறு விழுக்காடு. இதைச் செய்ய ஐஸ் பேக்டரி எதற்கு? ஒரு சுத்தியலும் ஒரு போனும் போதும். திருவொற்றியூரில் ஒரு வாட்ச்மேனைக் காணவில்லை. புதிது புதிதாக லேபிள்கள் முளைத்தன. குழுவில் எண்கள் தொண்ணூற்றொன்பது, நூறு என்று விழுந்துகொண்டே இருந்தன. சிலர் கண்டித்தார்கள். எல்லாரும் கேட்டார்கள்.

ஒருநாள் காலை நர்ஸ் சகாயத்தின் கட்டைப் பிரித்தபோது ஒட்டியிருந்த துணி சதையோடு வந்தது. சகாயம் அலறினான். பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையாக வந்திருந்த ஒரு நடுத்தர வயது ஆள், பார்த்தால் ஏதோ ஆபீஸ் கிளார்க் மாதிரி இருப்பான், சட்டென்று சல்லடை ஓடுகிற போனை எடுத்து நீட்டினான். டெல்பின் எழுவதற்குள் அவன் திரையைப் பார்த்துவிட்டான். உதட்டைப் பிதுக்கினான்.

"பழசு," என்று சொல்லிப் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு முழுக்க வார்டில் யாராவது முனகினால் மட்டும் அந்த ஆளின் கை பைக்குள் போவதையும் வெளியே வருவதையும் பார்த்தாள்.

மறுநாள் உடுப்பு மாற்ற அம்மாவும் டெல்பினும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா முகம் கழுவி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் கதவுப் பக்கம் போனாள்.

"அவன்து பழசுன்னுதானே அந்த ஆளு போன வெச்சிட்டான்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"அப்போ இனிமே என் புள்ளைய ஒருத்தனும் தொடமாட்டான்."

"தொடமாட்டான். அவன்து சல்லடைக்குள்ள இருக்குது."

அம்மா தலையாட்டினாள். "என்னுது உள்ள இருக்குதா?"

டெல்பினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது இல்லையென்று தலையாட்டினாள்.

"உன்னுதும் இல்ல," என்றாள் அம்மா. "நீ காலையில வேலைக்குப் போற, நான் மார்க்கெட்டு போறேன். எவன் எந்தச் சந்துல சுத்தியலோட நிக்கிறானோ. மொதல்ல என்னுத போட்டுடு. அப்புறம் உன்னுது."

"சும்மா கத்தும்மா. நான் எடுத்துக்கறேன்."

"நடிச்சா அது துப்பிடும்னு நீதானே சொன்ன?"

ஆயிரம் பேருக்குத் தீர்ப்புச் சொன்ன காதுக்கு அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா இடது கையை நீட்டி, நாலு விரலையும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே, கீல் இருக்கிற பக்கம் வைத்தாள். மோதிரத்தை முன்பே கழற்றியிருந்தாள்.

"ரெக்கார்டு போட்டியா?"

டெல்பின் போனை ஆன் செய்து ஜன்னல் கட்டையில் நிறுத்தினாள். பிறகு வந்து கதவின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"என் மூஞ்சியப் பாக்காத பாப்பா," என்றாள் அம்மா. "போனைப் பாரு."